கொல்லிமலையில் ஒரு பக்கவாத நோயாளி, கீழே நான்: போன் வழியாகப் பிசியோதெரபி செய்த 14 வாரங்கள்

"போன்ல எப்படிங்க மேடம் கரண்டு வைப்பீங்க?"

வார்டிலிருந்து வீட்டுக்குக் கிளம்பிய அன்று அவர் என்னிடம் கேட்டது இது. கேட்டதில் தப்பே இல்லை. நம் ஊர்ப்பக்கம் பிசியோதெரபி என்றால் கரண்டு வைப்பது, இல்லையென்றால் சூடு வைப்பது, அதுவும் இல்லையென்றால் யாராவது கை காலைப் பிடித்து நீட்டி மடக்கி விடுவது. மூன்றுக்குமே ஆள் நேரில் இருந்தாக வேண்டும். இனிமேல் போனில் பார்த்துக்கொள்ளலாம் என்று நான் சொன்னால், உனக்கு வைத்தியம் இவ்வளவுதான், போய்வா என்று அனுப்புவதாகத்தான் அவர் காதில் விழும்.

நான் நாமக்கல் பக்கம் ஓர் அரசு மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட். இந்த ஒரு நோயாளியை 14 வாரம், பெரும்பாலும் போன் வழியாகவே பார்த்தேன். சரியாக வந்தது, நான் கோட்டை விட்டது எல்லாவற்றையும் நடந்தபடியே எழுதுகிறேன். குடும்பத்தின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஆள் யாரென்று தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

ஆள், வீடு, வழி

வயது 58. மலை மேல் வீடு, கொஞ்சம் மிளகு, கொஞ்சம் காபி. டிசம்பரில் ஒரு நாள் விடியும் முன் எழுந்து வெளியே போகப் பார்த்தவர் கட்டில் ஓரமாகச் சரிந்துவிட்டார். இடது கையும் காலும் விழுந்துவிட்டன. வீட்டில் முதலில் எண்ணெய் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள், புறா ரத்தம் தடவினால் சரியாகும் என்று பக்கத்து வீட்டில் ஒருவர் சொல்ல அதற்கு ஆள் அனுப்பியிருக்கிறார்கள், அப்புறம்தான் மலையிறங்கியிருக்கிறார்கள். எங்களிடம் வந்து சேர்ந்தபோது ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கான நாலரை மணி நேரம் தாண்டியிருந்தது. சிடி ஸ்கேனில் மூளையின் வலது பக்கம் ரத்த ஓட்டம் தடைப்பட்ட பாதிப்பு. ரத்த அழுத்தம் இருப்பது அவருக்கு முன்பே தெரியும். "நல்லாத்தானே இருக்கேன்" என்று மாத்திரையை நிறுத்தியிருக்கிறார்.

ஒன்பது நாள் வார்டில் இருந்தார். கிளம்பும்போது தானாக உட்கார முடிந்தது. நிற்க இரண்டு பேர் பிடிக்க வேண்டும். பேச்சு தெளிவு, நினைவு தெளிவு. இடது கையில் தோளை லேசாக மேலே தூக்குவதைத் தவிர வேறு அசைவு இல்லை, கை துணிபோலத் தொங்கியது. தோள் எலும்பு நுனிக்குக் கீழே விரல் வைத்துப் பார்த்தால் ஒரு விரல் உள்ளே இறங்கியது. அதாவது கையின் எடையைத் தாங்கும் தசை வேலை செய்யாததால் மூட்டு கீழே சரிந்து நிற்கிறது. அன்றாட வேலைகளைத் தானே எவ்வளவு செய்கிறார் என்று பார்க்கும் பார்த்தெல் அளவுகோலில் 100-க்கு 35.

டிஸ்சார்ஜ் சீட்டில் "வாரம் மூன்று நாள் பிசியோதெரபிக்கு வரவும்" என்று எழுதியது நான்தான். எல்லோருக்கும் எழுதுவதுபோல எழுதிவிட்டேன். மலைப்பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். கால் ஊன்றாத மனிதரை வீட்டிலிருந்து பஸ் நிற்கும் இடம்வரை தூக்கி வர இரண்டு பேர் வேண்டும், அந்த இரண்டு பேருக்கும் அன்றைய கூலி போகும். வளைவுகளில் அவருக்கு வாந்தி வரும். கீழே வந்து என்னிடம் அரை மணி நேரம் பயிற்சி செய்துவிட்டு அதே வழியில் திரும்ப வேண்டும். ஒரே ஒரு தடவை வந்தார். வந்து போன களைப்பில் இரண்டு நாள் படுத்துவிட்டார் என்று மருமகள் சொன்னாள். இரண்டாவது தடவை வரவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை.

போன் வழிச் சிகிச்சை நேரில் பார்ப்பதற்கு ஈடாகுமா என்று கூட்டங்களில் கேட்பார்கள். எங்கள் ஆஸ்பத்திரிக்கு வருபவர்களில் நிறையப் பேருக்கு அந்தக் கேள்வியே பொருந்தாது. அவர்கள் முன்னால் இருப்பது போன், இல்லாவிட்டால் ஒன்றுமில்லை.

தொடங்கும் முன் யோசித்தது

போனில் வைத்தியம் பார்ப்பதற்கான வழிகாட்டு நெறிமுறைகள் நம் நாட்டில் 2020 மார்ச் 25 அன்று வந்தன. அவை பதிவு பெற்ற மருத்துவர்களுக்கானவை. பிசியோதெரபிஸ்டுகளை ஓர் ஆணையத்தின் கீழ் கொண்டுவரும் மத்தியச் சட்டம் 2021-ல் வந்தது. இந்த இரண்டுக்கும் நடுவில், ஓர் அரசு பிசியோதெரபிஸ்ட் தன் நோயாளியை வீடியோவில் பார்ப்பது எந்தக் கணக்கில் வரும் என்று என் பக்கத்தில் யாருக்கும் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை. போன் என்னுடையது, வாட்ஸ்அப் என்னுடையது. ஆகவே நானே சில கட்டுப்பாடுகளை வைத்துக்கொண்டேன்: வார்டு மருத்துவரிடம் சொல்லிவிட்டுத்தான் தொடங்குவது, நோயாளியிடம் வாய்விட்டுச் சம்மதம் கேட்டுக் கேஸ் ஷீட்டில் எழுதுவது, வரும் வீடியோவைப் பார்த்துக் குறிப்பெடுத்த அன்றே அழித்துவிடுவது.

படித்தும் பார்த்தேன். பக்கவாதத்துக்குப் பிறகு தொலைவிலிருந்து மறுவாழ்வுப் பயிற்சி கொடுப்பதைப் பற்றிய காக்ரேன் தொகுப்பாய்வு, அதாவது பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்ப்பது, 2020-ல் வந்தது. 22 ஆய்வுகள், 1937 பேர். அன்றாட வேலைகளைச் செய்யும் திறனில் நேரில் கொடுப்பதைவிட மோசமாகத் தெரியவில்லை, ஆனால் சான்று அவ்வளவு வலுவானது இல்லை என்று அடக்கமாகத்தான் சொல்கிறது. இன்னொன்று நம் நாட்டிலேயே நடந்த அட்டெண்ட் ஆய்வு. 14 மருத்துவமனைகள், 1250 நோயாளிகள், 2017-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது. வீட்டில் ஒருவருக்குப் பயிற்சி கொடுத்து அவரையே சிகிச்சை செய்யச் சொன்னார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் அப்படிப் பயிற்சி கொடுத்த குழு, கொடுக்காத குழு இரண்டிலும் 47 சதவீதம் பேர் இறந்தோ பிறரைச் சார்ந்தோ இருந்தார்கள். வித்தியாசமே இல்லை.

இதைப் படித்ததும் மனசு சோர்ந்தது உண்மை. வீட்டு ஆளுக்குச் சொல்லிக்கொடுத்து அனுப்பினாலே போதும் என்று நான் நம்பியிருந்தேன். மறுபடி மறுபடி யோசித்ததில் எனக்குப் பட்டது இது: ஒருவருக்குச் சொல்லிக்கொடுப்பது வேறு, அவர் செய்வதைக் கண்ணால் பார்த்துத் திருத்துவது வேறு. போன் அந்த இரண்டாவதற்கு உதவுமா என்று பார்க்கலாம் என்று நினைத்தேன். அந்த ஆய்வு தப்பென்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை, ஒரே ஒரு நோயாளியை வைத்து எதையும் நிரூபிக்கவும் முடியாது.

முதல் அழைப்பும் திண்ணையும்

முதல் வீடியோ அழைப்பில் எனக்குத் தெரிந்தது ஓட்டுக்கூரை. அப்புறம் அவருடைய தாடை. அப்புறம் படம் நின்றுவிட்டது. போன் பேரனுடையது, அவனே கையில் பிடித்துக்கொண்டு தாத்தாவையும் ஒரு கையால் பிடித்திருந்தான். வீட்டுக்குள் டவர் கிடைப்பதில்லை. மூன்று முறை முயன்று விட்டுவிட்டோம். வீட்டில் எங்கே டவர் நிற்கிறது என்று சுற்றிப் பார்த்துவிட்டு நாளைக்குக் கூப்பிடுங்கள் என்று மருமகளிடம் சொன்னேன்.

மறுநாள் அவள் கண்டுபிடித்த இடம் வாசல் திண்ணையின் கிழக்கு ஓரம். பேரன் திண்ணைக்கு நேரே இருந்த உரலில் ஒரு சொம்பைக் கவிழ்த்து, அதன்மேல் போனைச் சாய்த்து வைத்தான். அப்போதுதான் அவரை முதன்முதலாகப் பக்கவாட்டில், தலை முதல் பாதம்வரை முழுசாகப் பார்த்தேன். பக்கவாட்டில் தெரியாமல் உட்கார்ந்து எழும் பயிற்சியைத் திருத்தவே முடியாது. மூக்கு கால்விரலுக்கு மேல் வருகிறதா, பாதம் முழங்காலுக்குப் பின்னால் இருக்கிறதா, எல்லாம் பக்கவாட்டில்தான் தெரியும்.

அன்று இன்னொன்றும் தெரிந்தது. வார்டில் உயரமான கட்டிலிலிருந்து ஓரளவு எழுந்தவர், வீட்டுக்குப் போன நாளிலிருந்து எழவே இல்லையாம். கட்டிலைக் காட்டச் சொன்னேன். கயிற்றுக் கட்டில். நடுவில் தொய்ந்து, உட்கார்ந்தால் இடுப்பு முழங்காலுக்குக் கீழே போய்விடுகிறது. அதிலிருந்து எழ எனக்கே கை ஊன்ற வேண்டியிருக்கும். மருமகளை முழம் போட்டுப் பார்க்கச் சொன்னேன்: கட்டில் தொய்ந்த இடத்தில் முக்கால் முழம்கூட இல்லை, திண்ணை ஒரு முழமும் நாலு விரலும். டவர் கிடைத்த அதே திண்ணைதான் அவர் எழுந்து பழகவும் சரியான உயரம்.

வார்டில் இருந்திருந்தால் இந்தக் கட்டிலை நான் பார்த்திருக்கவே மாட்டேன். நிலைப்படி எவ்வளவு உயரம், கழிப்பறைக்குப் போகும் வழியில் எத்தனை கல், ராத்திரி அந்த வழியில் விளக்கு இருக்கிறதா என்பதெல்லாம் ஆஸ்பத்திரியில் கேட்டால் "எல்லாம் வசதியா இருக்குங்க" என்றுதான் பதில் வரும். மரியாதைக்குச் சொல்கிற பதில் அது. பேரன் போனைத் தூக்கிக்கொண்டு நடந்து காட்டியபோது ஐந்து நிமிடத்தில் எல்லாம் தெரிந்துவிட்டது.

பயிற்சி ரொம்பக் கொஞ்சம்தான் கொடுத்தேன். இடுப்பில் துண்டை இறுக்கிக் கட்டி, மருமகள் அவருடைய இடது பக்கம் நின்று அந்தத் துண்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கையையோ அக்குளையோ பிடித்துத் தூக்கவே கூடாது. வலது காலை அரை அடி முன்னால் வைத்து எழ வேண்டும், அப்போது எடை இடது காலுக்குப் போயே ஆகும். ஐந்து தடவை எழுந்து உட்காருவது ஒரு சுற்று, ஒரு நாளைக்கு ஆறு சுற்று. காலையில் மூச்சு முட்ட அரை மணி நேரம் செய்துவிட்டு நாள் முழுக்கப் படுத்திருப்பதைவிட இப்படிப் பிரித்துச் செய்வது அவருக்கும் ஒத்துவந்தது, வீட்டு வேலைக்கு நடுவில் மருமகளுக்கும் ஒத்துவந்தது. உட்கார்ந்திருக்கும்போது இடது கை தொங்காமல் மடியில் தலையணை. ஒவ்வொரு தடவையும் தொடங்கும் முன், இன்றைக்கு மாத்திரை போட்டாயிற்றா என்று கேட்பது. தலைசுற்றல், புதிதாக மரத்துப்போவது, பேச்சுக் குழறல் எது வந்தாலும் என்னைக் கூப்பிட்டு நேரத்தை வீணாக்காமல் 108-ஐக் கூப்பிடுவது. இதை மருமகளையும் பேரனையும் எனக்குத் திரும்பச் சொல்ல வைத்தேன்.

வீடியோ அழைப்பைவிட வேலை செய்தது

இரண்டு வாரத்தில் ஒரு விஷயம் புரிந்தது. நேரடி வீடியோ அழைப்புக்கு எங்கள் மூன்று பேருக்கும் நேரம் ஒத்துவர வேண்டும், டவர் ஒத்துவர வேண்டும், மழை பெய்யக் கூடாது. அழைப்பில் பாதி நேரம் "கேக்குதுங்களா?" என்பதிலேயே போனது. அதனால் மாற்றிக்கொண்டோம். அவர் பயிற்சி செய்வதைப் பேரன் 40 விநாடி எடுப்பான். சாயங்காலம் டவர் கிடைக்கும்போது அனுப்புவான். இரவு வீட்டு வேலை முடிந்ததும் நான் இரண்டு மூன்று தடவை பார்த்து, நிறுத்தி நிறுத்திப் பார்த்து, ஒரு குரல் செய்தி அனுப்புவேன். "ஐயா, எழும்போது இன்னும் வலது பக்கமே சாயறீங்க, அந்தக் கால நம்பி நில்லுங்க, பாப்பா துண்டப் பிடிச்சிருக்கு, விழ மாட்டீங்க." அதை அவர் மறுநாள் காலையில் நாலு தடவை போட்டுக் கேட்பாராம்.

நிறுத்திப் பார்ப்பது பெரிய உதவி. நேரில் பார்க்கும்போது என் கை அவர் மேல் இருக்கும், கண்ணுக்கு அவ்வளவு வேலை கொடுக்க மாட்டேன். 40 விநாடி வீடியோவில், எழும் நொடியில் இடது குதிகால் தரையை விட்டுத் தூக்குவதைக் கவனித்தேன். வார்டில் ஒன்பது நாளும் அதை நான் கவனிக்கவில்லை.

கணக்கு வைத்துக்கொள்ள மாதக் காலண்டர். ஒவ்வொரு சுற்றுக்கும் அன்றைய கட்டத்தில் ஒரு கோடு. ஞாயிற்றுக்கிழமை காலண்டரைப் போட்டோ எடுத்து அனுப்பிவிட வேண்டும். முதல் மாதம் கட்டங்கள் நிறைந்திருந்தன, ஆறு, ஐந்து, ஆறு, நான்கு. ஐந்தாவது வாரத்தில் கட்டங்கள் காலியாகத் தொடங்கின. ஒன்று, ஒன்று, அப்புறம் எதுவும் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை போட்டோவே வரவில்லை, நான் கேட்ட பிறகுதான் வந்தது.

சோம்பல் என்று நினைத்துக்கொண்டு கொஞ்சம் கடிந்தே பேசிவிட்டேன். மருமகள் தயங்கித் தயங்கிச் சொன்னாள், "மெளகு பறிப்பு மேடம். ஆளுக்கு ஆளு ஏணி எடுத்துட்டுப் போயிட்டோம். இப்ப விட்டா கொட்டிரும்." வருஷத்துக்கு ஒரு தடவை கையில் காசு பார்க்கும் மாதம் அது. வீட்டில் பகலில் யாருமே இல்லை. பேரன் பள்ளிக்குப் போய்விடுவான். பயிற்சித் திட்டம் போடும்போது நான் அவருடைய தசையைக் கேட்டேன், மூட்டைக் கேட்டேன், வீட்டில் யார் எந்த மாதம் எங்கே இருப்பார்கள் என்று கேட்கவில்லை. பிறகு சுற்றுகளை விடியற்காலை இரண்டு, இருட்டிய பின் இரண்டு என்று மாற்றினோம். நடுப்பகலில் அவர் தனியாக எழக் கூடாது என்றும், திண்ணையில் உட்கார்ந்தபடியே இடுப்பை முன்னும் பின்னும் நகர்த்துவதை மட்டும் செய்யலாம் என்றும் சொன்னேன்.

கிணற்று உருளை

ஏழாவது வாரம், ஒரு நாள் இரவு ஒன்பது மணிக்கு மேல் அழைப்பு வந்தது. "மேடம், மாமாவுக்குத் தோளு வலி தாங்கலைங்க. ரெண்டு நாளாத் தூங்கல. தொட்டாக் கத்தறாரு."

என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். ஒன்றும் செய்யவில்லை என்றாள். விழுந்தாரா? இல்லை. யாராவது கையைப் பிடித்து இழுத்தார்களா? இல்லைங்க. நானும் படுக்கும் விதம், தலையணை என்று ஏதேதோ கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் பேரன்தான் பின்னாலிருந்து சொன்னான்: "அந்தக் கயித்தச் சொல்லும்மா."

மிளகு பறிக்க எல்லோரும் போன நாட்களில் உறவுக்காரப் பையன் ஒருவன் பெரியவர் சும்மா உட்கார்ந்திருக்கிறாரே என்று, பழைய கிணற்று உருளை ஒன்றைத் தாழ்வாரத்து உத்திரத்தில் கட்டி, கயிற்றின் ஒரு முனையை விழுந்த கையிலும் மறுமுனையை நல்ல கையிலும் கட்டிவிட்டிருக்கிறான். நல்ல கையால் இழுத்தால் விழுந்த கை மேலே போகும். யாரோ செய்வதைப் போனில் பார்த்திருக்கிறான். பெரியவருக்கோ கை தூக்குவதைப் பார்த்ததும் சந்தோஷம் தாங்கவில்லை. நாள் முழுக்க இழுத்திருக்கிறார்.

இந்த உருளை எங்கள் துறைக்குப் புதிதல்ல, ஒரு காலத்தில் எல்லாப் பிசியோதெரபி அறைகளிலும் பக்கவாத நோயாளிகளுக்கு இதைக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். 1990-ல் வந்த ஒரு சிறு ஆய்வு மூன்று முறைகளை ஒப்பிட்டது. தெரபிஸ்ட் கையால் அசைத்துவிட்டவர்களில் 8 சதவீதம் பேருக்குத் தோள்வலி வந்தது, உருளும் பலகையில் கையை வைத்துத் தள்ளியவர்களில் 12 சதவீதம், தலைக்கு மேல் உருளை வைத்து இழுத்தவர்களில் 62 சதவீதம். காரணம் லேசானது. நாம் கையைத் தூக்கும்போது முதுகுப்பக்கத் தோள்பட்டை எலும்பும் கூடவே சுழன்று மேலே வரும், கை கொஞ்சம் வெளிப்பக்கம் திரும்பும். விழுந்த தோளில் அந்த எலும்பு தானாக வராது. கயிறு கையை மட்டும் இழுக்கும். நடுவில் இருக்கும் தசைநார் எலும்புக்கும் எலும்புக்கும் இடையில் நசுங்கும்.

உருளை வேண்டாம் என்று நான் வார்டில் சொல்லியிருக்க வேண்டும். என்ன செய்ய வேண்டும் என்று மட்டும்தான் சொல்லியனுப்பினேன். விழுந்த கையைப் பார்க்கும் எவருக்கும் அதை எதையாவது பண்ணித் தூக்கிவிட வேண்டும் என்றுதான் தோன்றும். அந்த ஆசையை முன்கூட்டியே எதிர்பார்த்து, கையை இப்படியெல்லாம் இழுக்காதீர்கள் என்று சொல்லியிருந்தால் இரண்டு நாள் அவர் கத்தியிருக்க மாட்டார்.

அதைவிடப் பெரிய சிக்கல், எனக்கு அந்தத் தோளைத் தொட்டுப் பார்க்க வேண்டும். வலி எந்த இடத்தில், எந்தக் கோணத்தில், கை தளர்வாக இருக்கிறதா, இறுகிவிட்டதா, மூட்டு இன்னும் இறங்கியிருக்கிறதா என்பதில் ஒன்றுகூடத் திரையில் தெரியாது. மருமகளை விரல் வைத்துப் பார்க்கச் சொன்னேன். "ஏதோ பள்ளமா இருக்குங்க" என்றாள். எவ்வளவு பள்ளம், முன்பைவிட அதிகமா, அவளால் சொல்ல முடியவில்லை. எப்படிச் சொல்ல முடியும்? வார்டில் அவளை ஒரு தடவைகூட என் மேற்பார்வையில் அங்கே விரல் வைக்கச் சொன்னதில்லை. இருபது நிமிடத்தில் நான் செய்து காட்டினேன், அவள் தலையாட்டினாள், அனுப்பிவிட்டேன்.

இன்னொருவரின் கை

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரை வீடு தேடி வருவதைத்தான் பெரும்பாலும் பேசுகிறோம், ஆனால் அதே திட்டத்தில் வட்டாரத்துக்கு ஒரு பிசியோதெரபிஸ்ட் வீடு வீடாகப் போகிறார். மலையில் அந்த வேலை செய்யும் தம்பியைக் கூப்பிட்டேன். அவர் பார்க்க வேண்டிய கிராமங்களின் வரிசையில் இந்த ஊர் அடுத்த மாதம்தான் வந்திருக்கும். நிலைமையைச் சொன்னதும் நாலாவது நாளே போனார்.

அங்கிருந்து அவர் வீடியோவில் கூப்பிட்டார். 14 வாரத்தில் மிகவும் பயன்பட்ட 25 நிமிடம் அதுதான். அவர் தோளைப் பிடித்தார், நான் கேட்டேன், அவர் சொன்னார்: "அக்கா, ஒன்றரை விரல் இறங்குது. வெளிப்பக்கம் திருப்பினா முப்பது டிகிரியிலயே வலிக்குது. முழங்கை லேசா இறுக ஆரம்பிச்சிருக்கு." மூன்றே வாக்கியம். நான் ஒரு வாரம் கேள்வி கேட்டும் எனக்குக் கிடைக்காத விவரம். மருத்துவரிடம் பேசி வலி மாத்திரைக்கு ஏற்பாடு செய்தோம். நடக்கும்போது மட்டும் கையைத் தாங்கத் துணித்தூளி, உட்கார்ந்தால் தலையணை.

அப்புறம் அந்தத் தம்பி செய்தது என்னை யோசிக்க வைத்தது. மருமகளின் கையை எடுத்துப் பெரியவரின் தோள்மேல் வைத்து, அதன்மேல் தன் கையை வைத்தார். தோள்பட்டை எலும்பை எப்படிப் பிடித்து முன்னால் கொண்டுவருவது, கையை எதுவரை தூக்கலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்று அவள் கைக்கே சொல்லிக்கொடுத்தார். பிறகு அவளுடைய சொந்தத் தோளைப் பிடித்து, தப்பாகத் தூக்கினால் எங்கே இடிக்கும் என்று அவளை உணரவைத்தார். "ஆமாங்க, இங்க பிடிக்குதுங்க" என்றாள். கடைசியாக அவளைத் தனியாகச் செய்யச் சொல்லிவிட்டு இவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மூன்று தடவை செய்தாள். மூன்றாவது தடவை அவள் கை பெரியவரின் தோளில் அமர்ந்த விதத்தைத் திரையில் பார்த்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது, இனிமேல் இவளிடம் போனில் பேசினால் போதும்.

வார்டில் இருபது நிமிடத்தில் நான் விட்டது இதைத்தான். போனில் நாம் அனுப்பும் ஒவ்வொரு சொல்லும் வீட்டில் ஒரு கையில் போய் இறங்க வேண்டும். அந்தக் கைக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தால்தான் "இன்னும் கொஞ்சம் வெளிப்பக்கமா" என்ற சொல்லுக்குப் பொருள் உண்டு. தெரியாத கைக்குப் பத்து வீடியோ அனுப்பினாலும் வீண். உருளை அன்றே உத்திரத்திலிருந்து இறங்கியது. மூன்று வாரத்தில் ராத்திரி வலி போனது.

14-வது வாரம்

நேரடி அழைப்பு மொத்தம் 11. வந்த சிறு வீடியோக்கள் முப்பதுக்கு மேல். தம்பி நேரில் போனது இரண்டு தடவை. 14-வது வாரம் மருத்துவரைப் பார்க்க அவர் கீழே வந்தபோது நானும் அளந்தேன். பார்த்தெல் 80, குளிக்கவும் படி ஏறவும் சட்டை போடவும் கழிப்பறையிலும் இன்னும் உதவி வேண்டியிருந்தது. கை ஊன்றாமல் 30 விநாடியில் ஆறு தடவை எழுந்து உட்கார்ந்தார். நாற்காலியிலிருந்து எழுந்து மூன்று மீட்டர் நடந்து திரும்பி வந்து உட்கார 34 விநாடி, கையில் மூங்கில் தடி. அது விழும் ஆபத்து இன்னும் இருக்கிறது என்று காட்டும் நேரம், ஆகவே வாசலைத் தாண்டித் தனியாகப் போகக் கூடாது என்று சொன்னேன். தோள் மூட்டில் அரை விரல் இறக்கம். முதல் மூன்று மாதத்தில் பக்கவாத நோயாளிகள் தாமாகவே கொஞ்சம் தேறுவார்கள், இந்த முன்னேற்றத்தில் எவ்வளவு எங்கள் பயிற்சியால் வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

எங்கள் துறையின் ரிஜிஸ்டரில் புது நோயாளி, பழைய நோயாளி என்று இரண்டு கட்டம். போனில் பார்த்தவரை எழுத இடமில்லை. இந்த 14 வாரமும் நான் அவரைப் பார்த்ததாக அரசுக் கணக்கில் இருப்பது இரண்டு வரி: மலையிறங்கி வந்த அந்த இரண்டு நாள். மாதக் கூட்டத்தில் எண்ணிக்கையைத்தான் கேட்பார்கள். இரவு ஒன்பது மணிக்கு என் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து பார்த்த வீடியோக்களை யாரும் பாராட்ட வேண்டியதில்லை. ஆனால் ஒரு கட்டம் அச்சடித்துவிட்டால், அந்த வேலைக்கு மதியம் ஒரு மணி நேரம் ஒதுக்கித் தாருங்கள் என்று நான் கேட்க முடியும். ஆஸ்பத்திரிக்கு ஒரு போன் தாருங்கள், நோயாளியின் படம் என் பிள்ளைகள் எடுத்து விளையாடும் போனில் இருக்க வேண்டாம் என்று கேட்க முடியும். கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

என் வேலையில் நானே மாற்றிக்கொண்டது ஒன்று உண்டு. இப்போது டிஸ்சார்ஜுக்கு முந்தின மூன்று நாளும் வீட்டு ஆளை வார்டுக்கு வரச் சொல்லி, முதலில் என் தோளில், அப்புறம் நோயாளியின் தோளில் செய்யவைக்கிறேன். எந்த மாதம் வீட்டில் யார் இருப்பார்கள் என்று கேட்கிறேன். கயிறு, உருளை கட்டாதீர்கள் என்று வாயால் சொல்கிறேன், சீட்டிலும் எழுதுகிறேன்.

கை வரவில்லை. முதல் நாட்களிலேயே விரலை நீட்டும் அசைவு துளியும் தெரியாதவர்களுக்குக் கை மறுபடி வேலைக்கு உதவும் வாய்ப்பு குறைவு என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆறாவது வாரத்திலிருந்தே அவர் குரல் செய்தியில் கேட்டுக்கொண்டிருந்தார்: "மேடம், கை எப்ப வரும்?" ஒவ்வொரு தடவையும் "அடுத்து நேர்ல வரும்போது பேசுவோம் ஐயா" என்றுதான் சொன்னேன். அதை மட்டும் போனில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. டவர் போய்ப் பாதியில் நின்றுவிட்டால், பாதிச் செய்தியோடு அவர் அந்தத் திண்ணையில் தனியாக உட்கார்ந்திருப்பார்.

நேரில் வந்த அன்று, அளந்து முடித்ததும் கதவைச் சாத்திவிட்டு எதிரில் உட்கார்ந்து சொன்னேன். மருமகளும் இருந்தாள். கொஞ்ச நேரம் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கேட்டார், "ஒரு கையால மெளகு ஆயலாமுங்களா? உக்காந்துக்கிட்டே?"

ஆயலாம் ஐயா என்றேன். திண்ணையில் உட்கார்ந்து, முறத்தை வலது பக்கம் வைக்காமல் இடது பக்கம் வைத்துக்கொண்டு ஆயச் சொன்னேன், உடம்பு அந்தப் பக்கம் திரும்பிப் பழகட்டும் என்று. போன ஞாயிற்றுக்கிழமை பேரன் அதை 40 விநாடி எடுத்து அனுப்பியிருந்தான். முறம் சரியான பக்கத்தில்தான் இருந்தது. மடியில் தலையணை மட்டும் இல்லை. அதைச் சொல்லிக் குரல் செய்தி அனுப்பினேன்.